நுரையீரல் நோயாளிக்கு நாடி ஏன் வேகமாக ஓடுகிறது?

கேள்வி: எனக்கு 62 வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சி.ஓ.பி.டி. எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் ஏழு ஆண்டுகளாக இருக்கிறது. புகைப்பதை விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. ஓராண்டாக, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 96 ஓடுகிறது. மாடி ஏறினால் 124 ஆகிறது. அது 100க்குக் கீழே இறங்க ஆறேழு நிமிடம் பிடிக்கிறது. ஆக்சிஜன் அளவு உட்கார்ந்திருக்கையில் 93, நடந்தபின் 87. கைக்கடிகாரம் ‘இதயத் துடிப்பு மாறுபாடு 17, குறைவு’ என்று காட்டுகிறது. ஈ.சி.ஜி., எக்கோ, ஆஞ்சியோகிராம் மூன்றையும் பார்த்துவிட்டு இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மனப்பதற்றம்தான் காரணம் என்கிறார்கள் வீட்டில். காலையும் மாலையும் இழுக்கும் இன்ஹேலரால்தான் படபடப்பு வருகிறது என்று நினைத்து மூன்று மாதத்துக்கு முன் அதை நிறுத்திவிட்டேன். மூச்சு முட்டும்போது மட்டும் நீல இன்ஹேலரை, இரண்டிரண்டு இழுப்பாக, நாளைக்கு எட்டு ஒன்பது முறை பயன்படுத்துகிறேன். தியோஃபிலின் மாத்திரையும் உண்டு. என் தம்பி படபடப்புக்குச் சாப்பிடும் புரோப்ரானோலால் மாத்திரையை நானும் எடுத்துக்கொள்ளலாமா? நுரையீரல் நோய் இதயத்தின் நரம்புகளைக் கெடுத்துவிடுமா? நாடி பழையபடி 72க்குத் திரும்புமா?

பதில்:

மதிப்புக்குரிய ஐயா,

விளக்கங்களுக்குப் போகும் முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தை மேற்கொண்டு படிக்க நேரமில்லாவிட்டாலும் இவற்றை மட்டும் இன்றே செயல்படுத்துங்கள். முதலாவது, தம்பியின் புரோப்ரானோலால் மாத்திரையைத் தொடவே வேண்டாம். அது இதயத்தில் உள்ள பீட்டா ஏற்பிகளோடு (தூண்டும் செய்திகளை வாங்கிக்கொள்ளும் இடங்கள் இவை), மூச்சுக்குழாய்களைத் தளர்த்தி வைத்திருக்கும் பீட்டா ஏற்பிகளையும் சேர்த்தே அடைத்துவிடும். உங்கள் நிலையில் ஒரே ஒரு மாத்திரைகூட மூச்சுக்குழாயைச் சட்டென்று இறுக்கக்கூடும். அந்த வேளையில் நீங்கள் நம்பி எடுக்கும் நீல இன்ஹேலரும் சரியாக வேலை செய்யாது, ஏனெனில் அது போய்ச் சேர வேண்டிய ஏற்பிகளைத்தான் அந்த மாத்திரை அடைத்து வைத்திருக்கும். இரண்டாவது, நிறுத்திய இன்ஹேலரை மறுபடி தொடங்குவது பற்றி இந்த வாரத்துக்குள் உங்கள் நுரையீரல் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். நாடியைக் குறைக்க நீங்கள் எடுத்த அந்த முடிவே நாடியை மேலும் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்று நான் எண்ணுகிறேன். நேரில் பரிசோதிக்காமல், நீங்கள் எழுதிய எண்களை மட்டும் வைத்துச் சொல்கிறேன் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதயத்தில் கோளாறில்லை என்று இதய மருத்துவர்கள் சொன்னது உண்மைதான். நாடி வேகமாக ஓடுகிறது என்று நீங்கள் சொல்வதும் உண்மைதான். இரண்டும் உண்மை என்றால் மிச்சமிருப்பது மனம் ஒன்றுதான் என்று வீட்டார் நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் இதயத்துக்கும் மனத்துக்கும் நடுவே, மனம் அறியாமலே இயங்கும் தன்னியக்க நரம்பு மண்டலம் ஒன்று இருக்கிறது. நுரையீரல் நோய் நீடிக்கும்போது அந்த நரம்பு மண்டலத்துக்குப் போகும் செய்திகள் மாறுகின்றன. செய்தி மாறுவதால் இதயத்துக்கு வரும் கட்டளையும் மாறுகிறது. உங்கள் இதயம் தனக்கு வரும் கட்டளைப்படி சரியாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. இதயத்தைப் பார்ப்பவர் இதயத்தையும், நுரையீரலைப் பார்ப்பவர் நுரையீரலையும் பார்த்து அனுப்பிவிடுகையில், இரண்டுக்கும் இடையே ஓடும் இந்தப் பாதையைப் பற்றி நோயாளியிடம் உட்கார்ந்து பேச ஆளில்லாமல் போகிறது என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்ற சிறு திசுதான் துடிப்பைத் தொடங்கி வைக்கிறது. எந்த நரம்பும் தொடாமல் தானாக ஓடவிட்டால், இளம் வயதில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிக்கும். மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். நரம்புகள் வெட்டுப்பட்ட அந்த இதயம் ஓய்விலும் 90, 100 என்றே ஓடும். மற்றவர்களுக்கு ஓய்வில் 70 என்று அடங்கியிருப்பதற்குக் காரணம், மூளையின் முகுளத்திலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு. உடலைத் தணித்து ஓய்வில் வைக்கும் எதிர்ப்பரிவு நரம்பு மண்டலத்தின் முதன்மைக் கிளையான அது, இரவும் பகலும் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருக்கிறது. ஓட வேண்டிய நேரத்தில், ஆபத்து நேரத்தில், பரிவு நரம்புகள் சாட்டையை எடுக்கின்றன. நாடி ஏறும் வழிகள் இரண்டு என்பதை இங்கே கவனியுங்கள்: கடிவாளம் தளர்ந்தாலும் ஏறும், சாட்டை விழுந்தாலும் ஏறும்.

உங்கள் எண்ணுக்கு வருவோம். இருவகை நரம்புகளையும் மருந்தால் சிறிது நேரம் அடைத்து, இதயத்தின் சொந்த வேகத்தை அளந்திருக்கிறார்கள். அது வயதோடு குறைகிறது. 62 வயதில் 80 முதல் 85 வரை என்பது பொதுவான கணக்கு, ஆளுக்கு ஆள் பத்துப் பதினைந்து கூடக்குறைய இருக்கலாம். நீங்கள் உட்கார்ந்திருக்கும்போதே 96 காட்டுகிறது. கடிவாளம் முழுக்கக் கைநழுவிப் போயிருந்தாலும் 85ஐ ஒட்டித்தான் நின்றிருக்க வேண்டும் என்பதால், சாட்டையும் சேர்ந்து விழுகிறது என்று எண்ண இடமிருக்கிறது. சாட்டையை யார் எடுத்துக் கொடுத்தது என்பதுதான் தேட வேண்டிய விஷயம்.

கழுத்தின் இருபுறமும், கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், அரிசி மணி அளவில் ஒரு சிற்றுறுப்பு உண்டு. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறதா என்பதை நொடிக்கு நொடி சுவைத்துப் பார்த்து மூளைக்குச் சொல்லும் வேலை அதனுடையது. இதைக் கண்டறிந்து விளக்கியதற்காகவே பெல்ஜியத்தைச் சேர்ந்த கார்னே ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே, அதாவது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் ஏறத்தாழ 90க்குக் கீழே போகும்போது, இந்த உறுப்பின் குரல் மிகவும் உயர்கிறது. கரியமில வாயு தேங்கினாலும் உயரும். மூளை உடனே மூச்சை வேகப்படுத்துவதோடு பரிவு நரம்புகளையும் தூண்டிவிடுகிறது. இதில் ஒரு நுட்பம் உண்டு. நீருக்குள் மூச்சை அடக்கி மூழ்குபவருக்கு ஆக்சிஜன் குறையும்போது நாடி தணிகிறது. அதே ஆக்சிஜன் குறைவு, மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு நாடியை ஏற்றுகிறது. காரணம், நுரையீரல் வேகவேகமாக விரியும்போது அதன் சுவரில் உள்ள விரிவு உணர்விகள் வேகஸின் பிடியைத் தளர்த்திவிடுகின்றன. ஆக, மூச்சிரைப்பும் படபடப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வரும் இரண்டு நோய்கள் என்று பார்க்கத் தேவையில்லை; ஒரே கட்டளையின் இரு விளைவுகள் அவை.

உங்கள் குறிப்பில் எனக்கு மிகவும் கவலை தந்த எண், கடிகாரம் காட்டிய 17ஐக் காட்டிலும், நடந்தபின் காட்டிய 87தான். ஒவ்வொரு முறை மாடி ஏறும்போதும் அந்தக் கழுத்துறுப்பு அபாயக் குரல் எழுப்புகிறது. நாள்தோறும், பல முறை, ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போது அந்த உறுப்பே முன்னைவிடக் கூருணர்வு கொண்டதாக மாறிவிடுகிறது. பிறகு சிறு குறைவுக்கும் பெரிதாகக் குரல் கொடுக்கிறது.

இன்னொரு காரணம் ஆக்சிஜனோடு சம்பந்தப்படாதது, பலரும் கேள்விப்படாதது. உங்கள் நோயில் உள்ளே போன காற்று முழுக்க வெளியே வருவதில்லை. குறுகிய மூச்சுக்குழாய்கள் மூச்சை வெளிவிடும்போது மூடிக்கொள்ள, மிச்சக் காற்று நுரையீரலிலேயே தங்கிவிடுகிறது. இப்படி உப்பிய நுரையீரலுக்கு நடுவே இதயம் நெருக்குண்டு கிடக்கிறது. அதற்குள் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளும் அளவும் குறைகிறது. நிமிடத்துக்கு உடலுக்குச் சேர வேண்டிய இரத்தம் சேர்ந்தாக வேண்டுமே, எனவே துடிப்பின் எண்ணிக்கை கூடுகிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், உப்பிய நுரையீரல் கொண்ட நோயாளிகளுக்கு மூச்சுக்குழாயை நீண்ட நேரம் தளர்த்தி வைக்கும் இருவகை மருந்துகள் சேர்ந்த இன்ஹேலரை இரண்டு வாரங்கள் கொடுத்துப் பார்த்தபோது, நுரையீரலின் உப்பல் வடிந்ததோடு, இதயத்தின் இடது கீழறை முன்னைவிட நன்றாக நிரம்பத் தொடங்கியதை ஸ்கேனில் அளந்து காட்டினார்கள். அது போன்றதொரு மருந்தைத்தான் நீங்கள் மூன்று மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன், பெயரை எழுதவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரத்த அழுத்தம் ஏறினால் நாடியைத் தணித்துச் சமன் செய்யும் அனிச்சைச் செயல், இந்நோயில் மந்தமாகிறது. நடப்பதைக் குறைத்ததால் மெலிந்த கால் தசைகள் சிறு உழைப்பிலேயே களைத்து, அங்கிருந்தும் பரிவு நரம்பைத் தூண்டும் செய்திகள் மேலே போகின்றன. உறக்கத்தில், குறிப்பாகக் கனவு வரும் கட்டத்தில், ஆக்சிஜன் மேலும் சரியலாம். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் உறக்க நோயும் கூட இருந்தால், இரவு முழுவதும் சாட்டை ஓய்வதில்லை. நீங்கள் இரவைப் பற்றி எதுவும் எழுதவில்லை. குறட்டை, விடியலில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம் இருக்கின்றனவா என்று துணைவியாரிடம் கேட்டறியுங்கள். இதில் அவர் சாட்சியம்தான் செல்லும்.

இனி, கடிகாரம் காட்டும் 17. இதயம் கடிகார முள்போல ஒரே சீராகத் துடிப்பதில்லை. மூச்சை இழுக்கையில் சற்று விரைந்தும் விடுகையில் சற்று தணிந்தும் துடிக்கும். கார்ல் லுட்விக் என்ற ஜெர்மானிய உடலியலாளர் 1847இல் நாய்களிடம் இதைப் பதிவு செய்து காட்டினார். வேகஸ் நரம்பு மூச்சோடு சேர்ந்து கடிவாளத்தை இழுத்தும் விட்டும் பிடிப்பதால் வரும் ஏற்ற இறக்கம் இது. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே உள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்பதை மில்லிவினாடியில் சொல்வதுதான் கடிகாரத்தின் ‘மாறுபாடு’. சி.ஓ.பி.டி. உள்ளவர்களிடம் இது குறைந்திருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன; வேகஸின் பிடி தளர்ந்ததன் அடையாளமாக அதைக் கொள்கிறோம். ஆனாலும் இந்த ஓர் எண்ணை வைத்து உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். வயது ஏறினால் அது இறங்கும். உங்கள் வயதில் ஆரோக்கியமானவர்களிடமும் 20ஐ ஒட்டிய எண்கள் வருவதுண்டு. மூச்சு வேகமாகவும் மேலோட்டமாகவும் இருந்தால், வேகஸ் நலமாக இருந்தாலும் எண் குறைந்தே தெரியும். இடையிடையே முந்திக்கொண்டு வரும் துடிப்புகள் இருந்தால் எண் பொய்யாக ஏறியும் காட்டும். சாட்டை எவ்வளவு விழுகிறது என்பதை அது சொல்வதே இல்லை. ஒரே நேரத்தில், ஒரே நிலையில் அளந்து மாதக்கணக்கில் எப்படிப் போகிறது என்று பார்த்தால் ஓரளவு பயனுண்டு. ஒரு நாளின் எண்ணுக்குப் பொருள் மிகக் குறைவு.

இதயத்தின் நரம்பு கெட்டுவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். நெடுங்காலம் கடும் ஆக்சிஜன் குறைவில் வாழ்ந்தவர்களில் சிலருக்கு நரம்பிழைகளே பாதிக்கப்படுவது உண்டு. ஓய்வில் 93 இருக்கும் உங்களுக்கு அது நடந்திருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலானோரிடம் நரம்பு அறுந்தோ பட்டோ போகவில்லை, தவறான செய்திக்கு ஏற்பத் தவறாமல் வேலை செய்கிறது. இதற்கு நேரடிச் சான்றும் இருக்கிறது: சுவாசம் மிகவும் தளர்ந்த நோயாளிகளின் காலில், தசைக்குப் போகும் பரிவு நரம்பில் மெல்லிய ஊசி மின்முனையைச் செருகி அளந்தபோது, அந்த நரம்பு இயல்பைவிட மிகுதியாகத் துடித்தது, மூக்கு வழியாக ஆக்சிஜன் கொடுத்ததும் அதே நரம்பின் துடிப்பு குறைந்தது. கெட்டுப்போன நரம்பு சில நிமிடத்தில் இப்படித் தணியாது.

இன்ஹேலர்களைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும், ஏனெனில் உங்கள் குழப்பத்தின் மையம் அங்கேதான் இருக்கிறது. நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பியூட்டமால், மூச்சுக்குழாயின் பீட்டா-2 ஏற்பிகளைத் தூண்டி அதைத் தளர்த்துகிறது. அதே ஏற்பிகள் இதயத்திலும் ஒரு பங்கு இருக்கின்றன. போதாததற்கு, இரத்தக் குழாய்கள் விரிவதால் ஈடுகட்டும் விதமாகவும் நாடி ஏறும். மிகுதியாக எடுத்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து துடிப்பு தாளம் தவறவும் இடமுண்டு. ஓர் இழுப்பில் பொதுவாக 100 மைக்ரோகிராம். இரண்டிரண்டு இழுப்பாக எட்டு ஒன்பது முறை என்றால் நாளைக்கு 1,600 முதல் 1,800 மைக்ரோகிராம் ஆகிறது. வழக்கமாகச் சொல்லப்படும் உச்ச அளவு அதில் பாதிதான். காலை, மாலை இன்ஹேலரைப் படபடப்புக்குப் பயந்து விட்டீர்கள். விட்டதால் மூச்சு இறுகியது. இறுகியதால் நீல இன்ஹேலர் நான்கு மடங்கானதோ ஐந்து மடங்கானதோ தெரியாது, ஆனால் ஏறியிருக்கும். இப்போது நோயும் சாட்டையை எடுக்கிறது, மருந்தும் எடுக்கிறது. நீண்டநேர இன்ஹேலரைத் தொடங்கிய முதல் சில நாள்களில் படபடப்பு தோன்றுவது உண்மையே; பெரும்பாலும் அது போகப்போகத் தணிந்துவிடும். தணியவில்லையென்றால் மருத்துவரிடம் சொல்லி வகையை மாற்றிக்கொள்ள வழியிருக்கிறது.

அந்த மாற்று வகைகளில் ஒன்று டையோட்ரோபியம் போன்ற மருந்து. அது வேகஸ் நரம்பின் செய்தியை மூச்சுக்குழாயில் அடைக்கிறது. வேகஸைத்தான் நல்ல கடிவாளம் என்று சொன்னேன், அதை ஏன் அடைக்க வேண்டும் என்று ஆசிரியரான நீங்கள் கட்டாயம் கேட்பீர்கள். 1921இல் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை வைத்து ஒரு சோதனை செய்தார்: ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி அதைத் தணியச் செய்து, அதைச் சூழ்ந்திருந்த நீர்மத்தை எடுத்து மற்றதன்மேல் விட்டபோது, நரம்பு தொடாத அந்த இரண்டாவது இதயமும் தணிந்தது. வேகஸ் தன் முனையில் ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே வேலை செய்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. பின்னாளில் அது அசிட்டைல்கோலின் என்று உறுதியானது. இதே வேகஸ், இதே அசிட்டைல்கோலினைச் சுரந்து, இதயத்தைத் தணிக்கிறது, மூச்சுக்குழாயையோ இறுக்குகிறது. உங்கள் நோயில் வேகஸின் பிடி வேண்டிய இடமான இதயத்தில் தளர்ந்தும், வேண்டாத இடமான மூச்சுக்குழாயில் இறுகியும் கிடப்பதுதான் விபரீதம். மருந்தை வாய் வழியாக நுரையீரலுக்கே இழுப்பதன் நோக்கம், அந்த ஒரு கிளையில் மட்டும் பிடியை விடுவிப்பது. இரத்தத்தில் சேர்வது சிறிதளவே. நான்கு ஆண்டுகள் நடந்து 2008இல் முடிவு வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், டையோட்ரோபியம் எடுத்தவர்களிடம் இதயச் சாவுகள் கூடவில்லை. சிறுநீர் கழிப்பதில் சிரமமோ கண் அழுத்த நோயோ இருந்தால் மட்டும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூச்சுக்குழாயைத் தளர்த்தக் கொடுக்கும் தியோஃபிலினைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். பயன் தரும் அளவுக்கும் தீங்கு தரும் அளவுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகிய மருந்து அது. நாடியை ஏற்றும், கை நடுங்கவைக்கும், உறக்கத்தைக் கெடுக்கும். சிப்ரோஃப்ளாக்சசின், எரித்ரோமைசின் போன்ற கிருமிக்கொல்லிகளைச் சேர்த்து எடுத்தால் இரத்தத்தில் அதன் அளவு உயர்ந்துவிடும். புகைப்பவர் உடலில் அது விரைவாகக் கரைகிறது என்பதால், புகையை விட்டவருக்குப் பழைய அளவே அதிகமாகிவிடுவதும் உண்டு. நீங்கள் புகைத்துக்கொண்டிருந்த காலத்தில் முடிவு செய்த அளவையே இன்றும் எடுக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த மாத்திரை உங்களுக்கு இன்னும் தேவையா என்ற கேள்வியை மருத்துவரிடம் வெளிப்படையாகவே கேளுங்கள். பல பேருக்குத் தேவையில்லை என்பதே என் அனுபவம்.

தம்பியின் புரோப்ரானோலால் சேர்ந்த பீட்டா பிளாக்கர் என்ற மருந்துக் குடும்பமே உங்களுக்கு ஆகாது என்று எண்ணிவிட வேண்டாம். பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் போன்றவை பெரும்பாலும் இதயத்தின் ஏற்பிகளையே நாடுபவை; மாரடைப்பு, இதயச் செயலிழப்பு போன்ற உறுதியான காரணம் இருக்கும் சி.ஓ.பி.டி. நோயாளிகளுக்கு அவற்றைத் தயங்காமல் கொடுக்கிறோம், கொடுக்கவும் வேண்டும். ஆனால் அப்படிப்பட்ட காரணம் இல்லாதவர்களுக்கு மெட்டோப்ரோலால் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்றின் முடிவு 2019இல் வந்தது: நோய் முற்றி வரும் தருணங்கள் அதனால் குறையவில்லை, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடுமையானவை கூடவே செய்தன. ஆஞ்சியோகிராமும் எக்கோவும் சரியாக உள்ள உங்களுக்கு, நாடியின் எண்ணை அழகாக்குவதற்காக மட்டும் அம்மருந்தைத் தரும்படி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் மருத்துவரிடம் செல்லும்போது சில பரிசோதனைகளைப் பற்றிப் பேசுங்கள். வேகமான நாடிக்கு நுரையீரலைத் தவிர வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்பதால், இரத்தச்சோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் பரிசோதனை, மேலறைகளில் தோன்றும் தாளப் பிறழ்வுகள் வந்து போகின்றனவா என்று காட்டும். இந்நோயில் அவை அரிதல்ல, சில நிமிட ஈ.சி.ஜி.யில் அகப்படாமலும் போகும். எக்கோவில் வலது பக்க இதயத்தையும் நுரையீரல் தமனியின் அழுத்தத்தையும் பார்த்தார்களா என்று அறிக்கையில் தேடுங்கள். ஆறு நிமிட நடைப் பரிசோதனையை முறையாகச் செய்து அந்த 87 உண்மைதானா என்று உறுதி செய்ய வேண்டும்; விரல் குளிர்ந்திருந்தால் கருவி தவறும், கருமை மிகுந்த தோலில் உண்மையைவிடச் சற்று கூடுதலாகவே காட்டவும் கூடும்.

உடனே ஆக்சிஜன் இயந்திரம் வாங்க ஓட வேண்டாம். ஓய்விலேயே 88 அல்லது அதற்குக் கீழ் இருப்பவர்களுக்கு நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாத ஆக்சிஜன் ஆயுளை நீட்டுகிறது என்பது 1980களின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டது. ஓய்வில் ஓரளவே குறைந்தவர்களுக்கும் நடக்கையில் மட்டும் குறைபவர்களுக்கும் அதே பயன் கிடைக்கவில்லை என்று 2016இல் வந்த ஆய்வு காட்டியது. அளவில்லாமல் எடுத்த ஆக்சிஜன் சிலருக்குக் கரியமில வாயுவைத் தேக்கி மயக்கத்தில் தள்ளும் என்பதால், அது மருத்துவர் அளவு குறித்துத் தர வேண்டிய மருந்து.

நரம்புகளின் சமநிலையை மீட்பதில் நான் அதிகம் நம்புவது உடற்பயிற்சியை. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று கேட்டால் சொல்வார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வாரம், வாரத்தில் இரண்டு மூன்று நாள், மேற்பார்வையில் நடையும் கால் தசைப் பயிற்சியும் செய்ய வேண்டும். தசை வலுப்பெறும்போது அங்கிருந்து எழும் தூண்டுதல் குறைகிறது. மூச்சிரைப்பு குறையும்போது காற்றுத் தேக்கமும் குறைகிறது. பயிற்சியின்போது கடிகாரம் சொல்லும் நாடி இலக்கைப் பின்பற்றாதீர்கள். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு, நரம்புக் கட்டுப்பாடு மாறிப்போன உங்களுக்குப் பொருந்தாது. மூச்சிரைப்பை 0 முதல் 10 வரை நீங்களே மதிப்பிடும் போர்க் அளவுகோலில் நான்குக்கும் ஆறுக்கும் இடையில், ஒரு சிறு வாக்கியத்தைப் பேசி முடிக்கும் நிலையில் நிற்பது போதும்.

மூச்சுப் பயிற்சியைப் பொறுத்தவரை, மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதடுகளைக் குவித்து நான்கு எண்ணும் வரை மெல்ல விடுவதே உங்களுக்கு உகந்தது. சிறு ஆய்வுகளில், நிமிடத்துக்கு ஆறு என்ற அளவில் நிதானமாக மூச்சுவிட்ட நேரத்தில், மந்தப்பட்டிருந்த அழுத்த அனிச்சை கூர்மை பெற்றதையும் பரிவு நரம்பின் துடிப்பு தணிந்ததையும் கண்டார்கள். ஆறுக்கு வர முடியாவிட்டால் பத்துக்கோ பன்னிரண்டுக்கோ வந்தால்கூட நல்லதே. மூச்சை அடக்கி நிறுத்துவதும், வேகமாக உதறி வெளியேற்றுவதும் வேண்டாம். வீட்டார் சொல்லும் மனப்பதற்றத்துக்கும் இதில் ஓர் இடம் உண்டு: மூச்சு முட்டும்போது யாருக்கும் அச்சம் வரும், அச்சம் மூச்சை விரைவாக்கும், விரைந்த மூச்சு காற்றை மேலும் தேக்கும். உதடு குவித்து விடும் மூச்சு அந்தச் சுழலை நடுவில் அறுக்கிறது. அச்சம் நாள் முழுவதும் நீடித்தாலோ மனம் சோர்ந்து கிடந்தாலோ, அதற்கும் சிகிச்சை கேளுங்கள். கேட்பதில் குறைவொன்றும் இல்லை.

ஓய்வில் நாடி 120க்கு மேல் ஏறி அப்படியே நின்றாலும், தாளம் தவறித் தவறி ஓடினாலும், நெஞ்சு வலி, மயக்கம், என்றுமில்லாத தூக்கக் கலக்கம், பேச்சில் குழறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், ஓய்வில் ஆக்சிஜன் 88க்குக் கீழ் இறங்குவது ஆகியவற்றில் எது வந்தாலும், எங்களுக்கு எழுதிக்கொண்டிருக்காமல் அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள். சளித்தொற்றோடு நோய் முற்றி அடங்கிய பின் வரும் சில வாரங்களில் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு இயல்பைவிடக் கூடுதல். மூச்சு சரியாகிவிட்டது என்று அந்த வாரங்களில் அசட்டையாக இருந்துவிடாதீர்கள். இன்ஃபுளுயன்சா, நிமோனியா தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

72க்குத் திரும்புமா என்று கேட்டீர்கள். நுரையீரலில் நிரந்தரமாகிவிட்ட மாற்றம் இருக்கும்வரை 72 வரும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். நிறுத்திய இன்ஹேலர் திரும்பி, நீல இன்ஹேலரின் தேவை நாளைக்கு இரண்டு மூன்று முறையாகக் குறைந்தால், ஓய்வு நாடி சில வாரங்களில் எண்பதுகளுக்கு இறங்குவதை எதிர்பார்க்கலாம். பயிற்சியின் பலன் அந்த எண்ணில் தெரிவதற்கு முன்னமே வேறோர் இடத்தில் தெரியும். மாடி ஏறி உட்கார்ந்தபின் நாடி 100க்குக் கீழே இறங்க ஆறேழு நிமிடம் ஆவதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, அந்த நேரத்தைத்தான் வாரம் ஒருமுறை, அதே மாடியை அதே வேகத்தில் ஏறி, குறித்துவையுங்கள். உழைப்பு நின்றவுடன் நாடியை முதலில் கீழே இறக்குவது வேகஸ் நரம்பு. அந்த ஆறேழு நிமிடம் ஐந்தாகி, நான்காகும்போது, கடிவாளம் மெல்ல மெல்லக் கைக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.